பேஸ் எங்கே நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பேஸ் நல்லா இருக்குமா?" பேஸ் என்றால் பாட்டின் அடியில் கனமாக முழங்கும் தாழ்ந்த ஒலி. கடைக்காரரும் "சூப்பரா இருக்கும் சார்" என்று ஒரு பாட்டைச் சத்தமாகப் போட்டுக் காட்டுவார். காதில் திம் திம் என்று இறங்கும். பில் போடச் சொல்லிவிடுவோம். நாலைந்து நாள் வீட்டில் வைத்துக் கேட்ட பிறகுதான் பாடகரின் குரல் எங்கோ பின்னால் ஒதுங்கியிருப்பது தெரியும். கொஞ்ச நேரம் போட்டிருந்தாலே காது மடல் வலிப்பதும் தெரியும்.

காதைச் சுற்றி மூடாமல் காது மடலின் மேலேயே உட்காரும் ஹெட்போனை ஆன்-இயர் என்கிறோம். விலை குறைவு, எடை குறைவு, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதனால் கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வரை இன்று நிறையப் பேர் வாங்குகிறார்கள். இந்த வகையில் வரும் வயர்லெஸ் ஹெட்போன்களில் பெரும்பாலானவை பேஸைக் கூட்டி வைத்துத்தான் வருகின்றன. அது குறை என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் பேஸ் பிடிக்கும். ஆனால் பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம். அது எந்த இடத்தில் நின்றுகொள்கிறது என்று பார்க்கவேண்டும். நான் சொல்ல வந்தது அதுதான்.

ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள், எண் குறைந்தால் ஒலி தாழும். நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் பொதுவாக பேஸ் என்கிறோம். பேஸ் கிதாரின் தடித்த கம்பியை மீட்டினால் வரும் சுரம் 41 ஹெர்ட்ஸ். ஆண் பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடினால் அவருடைய நடு 'ஸ', அதாவது மத்திம ஸ்தாயி ஸட்ஜம், 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு அது 196 ஹெர்ட்ஸ். அதாவது மனிதக் குரலின் அடிவாரமும் பேஸின் மேல்தளத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹெட்போன் செய்கிறவர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கூட்டினால் பேஸ் கிதாரும் முரசும் கனமாகும், குரல் தன் இடத்தில் நிற்கும். அப்படிக் கூட்டிய மேடு 200, 250 வரை படர்ந்துவிட்டால் குரலின் அடியும் சேர்ந்து வீங்கிக்கொள்ளும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை எளிதாக மறைத்துவிடும், உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அந்த அளவுக்கு மறைக்க முடியாது. அதனால்தான் வீங்கிய பேஸில் பாட்டின் சொற்கள் முதலில் பலியாகின்றன.

ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் ஹெட்போன் கேட்பவர்களின் விருப்பத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். பேஸ் ஓரளவு தூக்கலாக இருப்பதையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. அவர்கள் வரைந்த அளவுகோலில் அந்த மேடு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் எழுகிறது. ஆக பேஸ் பிடிக்கும் என்று சொல்ல யாரும் கூச்சப்படவேண்டாம். குரலை விட்டுவைக்கும் பேஸா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நமக்கு வாய்ப்பாக மிருதங்கம் இருக்கிறது. நல்ல ஒலிப்பதிவில் ஒரு தனி ஆவர்த்தனத்தை, அதாவது கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியை, போட்டுக்கொள்ளுங்கள். மிருதங்கத்தின் இடது பக்கத்தைத் தொப்பி என்பார்கள். கச்சேரிக்கு முன்னால் அதில் ரவையைக் குழைத்து ஒட்டுவார்கள், நாதம் ஆழமாக இறங்குவதற்காக. வாசிப்பவர் அந்தப் பக்கத்தைத் தட்டிவிட்டுக் கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தள்ளும்போது நாதம் வளைந்து மேலே ஏறும். அதுதான் கும்கி. நல்ல பேஸ் உள்ள ஹெட்போனில் அந்த வளைவு முழுவதும் கேட்கும், எங்கே தொடங்கி எங்கே போய் முடிந்தது என்பது வரை. மோசமான ஹெட்போனில் எல்லாம் ஒரே தும், தும். கும்கியும் சாதாரணத் தட்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அப்புறம் வேகம் கூடும் இடத்துக்கு வாருங்கள். ஒரு தட்டின் நாதம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். அங்கே தட்டுகள் தனித்தனியாகப் பிரிகின்றனவா, அல்லது எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டமாகிறதா என்று கவனியுங்கள். வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், விழும் சாப்பு என்ற தட்டின் கூர்மை தொப்பிப் பக்கத்து முழக்கத்தில் அமுங்கக் கூடாது. எந்தக் கடையிலும் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

இன்னொரு சோதனையை இப்போதே செய்யலாம். இந்த உரையை நீங்கள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தால் என் குரலைக் கவனியுங்கள். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல் இருக்கிறதா? 'ம', 'ன' வரும் இடங்களில் ஒரு உறுமல் சேர்ந்துகொள்கிறதா? அப்படியானால் உங்கள் ஹெட்போனில் பேஸ் குரல்வரை ஏறி வந்திருக்கிறது. செய்தி வாசிப்பவரின் குரலைவிட நல்ல சோதனைப் பாட்டு எனக்குத் தெரியவில்லை. தினமும் கேட்டுப் பழகிய குரல் மாறி ஒலித்தால் நம் காது உடனே பிடித்துவிடும்.

சரி, ஆன்-இயரில் அதிகமாக உள்ள ஒரு சிக்கலுக்கு வருவோம். பேஸ் காதுக்கு வந்து சேரவேண்டுமானால் மெத்தை காது மடலில் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். கொஞ்சம் சந்து விழுந்தாலும் முதலில் ஒழுகிப் போவது பேஸ்தான். காது மடலோ மேடும் பள்ளமுமாக, ஆளுக்கு ஆள் வேறு. மூக்குக் கண்ணாடியின் கம்பி குறுக்கே வரும். பெரிய தோடு, காதை மூடும் முடி எல்லாமே சந்தை உண்டாக்கும். ஒரே ஹெட்போனை அண்ணன் "பேஸ் அள்ளுது" என்பதும் தங்கை "பேஸே இல்லை" என்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மையே. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பேஸ் திடீரென்று பொங்கினால் அது உங்கள் காதில் சரியாகப் படியவில்லை என்று அர்த்தம்.

படிய வைக்க நிறுவனங்கள் செய்யும் சுலபமான காரியம் தலைப்பட்டையின் பிடியை இறுக்குவது. பேஸ் வந்துவிடும், காது வலியும் கூடவே வரும். இதற்கு அமெரிக்காவின் காஸ் நிறுவனம் 1984-லேயே ஒரு வழி பார்த்தது. அவர்களுடைய போர்ட்டா ப்ரோ என்ற ஆன்-இயரில் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் சின்னதாக இரண்டு மெத்தைகள் இருக்கும். இறுக்கத்தில் ஒரு பகுதியை அவை தாங்கிக்கொள்ளும், எவ்வளவு தாங்கவேண்டும் என்பதை நகர்த்தி மாற்றிக்கொள்ளலாம். பேஸுக்குப் பேர்போன அந்த ஹெட்போன் இன்றும் விற்பனையில் இருக்கிறது, வயர்லெஸ் வடிவமும் வந்திருக்கிறது. இப்போது நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சோனி டபிள்யூஎச்-சிஎச்520 வெறும் 147 கிராம், ஜேபிஎல் டியூன் 510பிடி 160 கிராம். எடையைப் பற்றிக் கவலையில்லை. காதை அழுத்துவது எடையைவிடப் பிடிதான். அதைக் கடையில் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கால் மணி நேரமாவது வேண்டும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடுதான் பார்க்கவேண்டும்.

எங்கே கேட்கப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். பேருந்தின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி. எஞ்சினின் உறுமல் பாட்டின் பேஸை விழுங்கிவிடும். ஆன்-இயர் மெத்தை அந்த உறுமலைத் தடுப்பது மிகக் குறைவு. அதனால் பேஸ் கூடுதலான ஹெட்போன் பேருந்தில் அளவாகவும், அதே ஹெட்போன் வீட்டில் அமைதியான அறையில் கனமாகவும் ஒலிக்கும். ராத்திரி சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக் கேட்டால் மறுபடியும் சரியாக இருக்கும். ஒலியளவு குறையும்போது நம் காது மற்றதைவிட பேஸைத்தான் அதிகமாக இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். கடையில் சத்தமாக மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போதும் ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதுமே நல்லதாகத் தோன்றும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஒலியளவை டெசிபலில் அளப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேருந்து இரைச்சலோடு போட்டிபோட்டு ஒலியளவை ஏற்றுகிறவர்கள் அந்த 4 மணி நேரத்தை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவார்கள். பயணத்தில்தான் பெரும்பாலும் கேட்பீர்கள் என்றால், காதை முழுசாக மூடும் வகையோ காதுக்குள் செருகும் வகையோ வாங்குங்கள். ஆன்-இயர் வேண்டாம் என்றே சொல்வேன். வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்கவும், சமையலறையில் வேலை செய்துகொண்டே ரேடியோ கேட்கவும் அது நல்ல துணை. அழைப்பு மணியும் குக்கர் விசிலும் காதில் விழுமே!

பெட்டியில் அச்சிட்டிருக்கும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்ற வரி எதையும் சொல்வதில்லை. கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். உள்ளே ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான டிரைவர் 30 மில்லிமீட்டரா 40 மில்லிமீட்டரா என்பதை வைத்தும் பேஸைத் தீர்மானிக்க முடியாது. மைக்கை இயக்கியதும் பாட்டு சப்பென்று ஆனால் ஹெட்போன் கெட்டுவிட்டது என்று பயப்படவேண்டாம். பழைய ப்ளூடூத் முறையில் பேச்சுக்கு மாறும்போது ஒலியின் தரம் இறங்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் போனிலும் ஆப்பிலும் உள்ள 'பேஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே கூட்டி வைத்த பேஸின் மேல் அது இன்னொரு சுமை. பிறகு, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 250 என்றோ 200 என்றோ இருக்கும் பட்டையை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். அடியில் உள்ள 60-ஐத் தொடவேண்டாம். முரசின் கனம் அப்படியே இருக்கும், குரல் முன்னால் வரும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் தோல் போன்ற மேலுறை சீக்கிரமே உரியத் தொடங்கும். உரிந்த மெத்தை சரியாகப் படியாது, பேஸும் குறைந்துகொண்டே போகும். நீங்கள் வாங்கும் மாடலுக்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா, கழற்றி மாட்ட முடிகிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.