தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு
(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

கிராமத்துச் சிறிய வைத்தியசாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கணக்கு உடனே வந்துவிடும். வருடச் செலவை எடுத்து, வந்த நோயாளர் தொகையால் வகுப்பார்கள். ஆட்கள் குறைந்த ஊரில் அந்த எண் கூடத்தான் செய்யும். சரி, அதற்காக மூடிவிடலாமா?

நோயாளியின் செலவு இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வெருகலிலிருந்து திருகோணமலைக்கு வந்து போவதென்றால் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, கடலுக்கோ வயலுக்கோ போகாமல் இழந்த கூலி, கூட வருபவரின் கூலி. பாலங்கள் வந்ததால் இறங்குதுறையில் காத்துக் கிடப்பது போய்விட்டது, உண்மைதான். ஆனால் அன்றைய உழைப்பு போனது போனதுதான். அரசாங்கத்துக்கு மிச்சமான காசு கூலிக்காரரின் மடியிலிருந்து போனால் அதை மிச்சம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது பயன். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் குளிசை கொடுக்கும் கிளினிக்கின் பயன், பல வருடம் கழித்து வராமல் போகும் பாரிசவாதமும் பழுதாகாத சிறுநீரகமும்தான். சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் கிழமைக்கு 2, 3 தடவை இரத்தச் சுத்திகரிப்பு செய்யவேண்டி வரும். அந்தச் செலவு பெரியாஸ்பத்திரிக் கணக்கில் ஏறும். அதைத் தடுத்த கிளினிக்கின் பேரில் எதுவும் ஏறாது. அதனால்தான் சுகாதாரப் பொருளியலில், செலவழித்த ரூபாய்க்கு எத்தனை ஆரோக்கியமான ஆயுள் ஆண்டுகள் காக்கப்பட்டன என்று கேட்கிறார்கள்.

மலேரியாவைப் பாருங்கள். 1934-35இல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தலைக்கணக்குப்படி இன்று மலேரியாத் தடுப்பு வெறும் வீண்செலவு. நிறுத்திப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்?

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீண்செலவு இருந்தால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் நோயாளர் வரவு குறைந்த இடத்தில் முதலில் அதன் காரணத்தைத் தேடுங்கள். மருந்து இருந்ததா, வைத்தியர் இருந்தாரா, கடலுக்குப் போய்த் திரும்பும் ஆண்கள் வரக்கூடிய நேரத்தில் கதவு திறந்திருந்ததா? பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் திறந்து வைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்.