துக்க வீட்டிலிருந்து திரும்பிய பிறகு

வணக்கம் நேயர்களே.

கொரட்டூரிலோ கோடம்பாக்கத்திலோ ஒரு துக்க வீட்டுக்குப் போகிறோம். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி. உள்ளே இருப்பவருக்கு 38 வயது. பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படியப் படிய, முகம் தெரியவேண்டும் என்று அவருடைய மனைவி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, காலையில் அபார்ட்மெண்டில் பார்க்கிங்குக்காகப் போட்ட சண்டை நினைவுக்கு வருகிறது. இதற்கா இப்படித் தொண்டை கிழியக் கத்தினோம் என்று வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கம் உண்மையானது, நல்லதும்கூட. ஆனால் அது அதிக நாள் தங்குவதில்லை. மயான வைராக்கியம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது இதைத்தான். அது ஏன் கரைகிறது, கரைவதற்குள் அதைக்கொண்டு என்ன செய்துகொள்ளலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மனம் எதையும் தனியாக எடைபோடுவதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடும். ஐஸ் தண்ணீரில் சிறிது நேரம் கையை வைத்துவிட்டுக் குழாயடியில் நீட்டினால் சாதாரணத் தண்ணீரே சூடாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த உணர்வு போய்விடும், தண்ணீர் மட்டும் அதே தண்ணீர்தான். ஒரு மரணத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கரண்ட் பில்லும், வராத தண்ணீர் லாரியும், மகனின் அரையாண்டு மார்க்கும் சிறிதாகத் தெரிவது இப்படித்தான். அந்த மரணம் பார்வையைவிட்டு நகர்ந்ததும் அவை பழைய அளவுக்கே வந்துவிடுகின்றன. இது மனிதர்களின் கல்நெஞ்சம் இல்லை, மனத்தின் இயல்பு. அதனால் மறந்துவிட்டோமே என்று குற்ற உணர்வில் மாய்ந்துபோக வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் பிரிக்மனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1978-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேர், விபத்தில் கைகால் செயலிழந்த 29 பேர், இந்த இரண்டும் நேராத 22 பேர் ஆகியோரை அவர்கள் விசாரித்தார்கள். பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை. காலையில் சாப்பிடுவது, நண்பரோடு பேசுவது போன்ற அன்றாடச் சின்னச் சுகங்களில் அவர்களுக்கு ருசி குறைந்திருந்தது. விபத்தில் சிக்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் மகிழ்ச்சியாக இருந்தார்கள், ஆனாலும் அளவுகோலின் நடுப்புள்ளிக்கு மேலேதான் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் நாம் பார்த்துப் பரிதாபப்படுகிறவருடைய வாழ்க்கை, நாம் நினைப்பதுபோல அந்த இடத்திலேயே முடிந்துவிடுவதில்லை என்பதை அது காட்டியது. இந்த ஆய்வுக்கு மறுபடியும் வருகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நம் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே மாடிப்படியில் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒரு பால் பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கரண்ட் வந்து, சேறு கழுவி, சில மாதம் போனதும் அதே படியில் அதே பார்க்கிங் தகராறு. அந்த டிசம்பரில் உண்டான உறவு நிலைத்த இடங்களும் உண்டு. வாட்ஸப் குழுவோ, மாதம் ஒருமுறை மொட்டைமாடிக் கூட்டமோ, தனியாக இருக்கும் முதியவர் வீட்டின் மாற்றுச்சாவி யாரிடம் இருக்கும் என்ற ஏற்பாடோ, ஏதோ ஒன்றை அப்போதே உருவாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். உணர்ச்சி இருக்கும்போதே அதை ஒரு ஏற்பாடாக மாற்றினால்தான் அது மிஞ்சும். நான் இன்று சொல்லவந்ததில் முக்கியமானது இதுதான்.

துக்க வீட்டுக்குப் போய்வருவது ஒன்று, கண் முன்னால் விபத்தைப் பார்ப்பது வேறொன்று. ஜிஎஸ்டி சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ அப்படிப் பார்க்க நேர்ந்தால், வாழ்க்கைத் தத்துவமெல்லாம் பிறகு. முதலில் 108. காயம்பட்டவரின் கழுத்தை மடக்கித் தூக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு வராது, பெயர் முகவரி கேட்டுக் கட்டாயப்படுத்தவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் அதையொட்டிய விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. துணியை அழுத்திப் பிடித்தவருக்கும் போன் போட்டவருக்கும் பிற்பாடு 'சும்மா நின்றேனே' என்ற உறுத்தல் மிகவும் குறைவாக இருக்கும்.

அன்று ராத்திரி கை நடுங்கலாம், தூக்கம் வராமல் போகலாம், ஹாரன் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடலாம். உடம்பு இன்னும் ஆபத்து தீரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். குடித்துவிட்டுத் தூங்கப் பார்க்காதீர்கள், நடுஜாமத்தில் விழிப்பு வந்து படபடப்பு கூடும். நம்பிக்கையான ஒருவரிடம் பேசத் தோன்றினால் பேசுங்கள். பேசப் பிடிக்காதவரை உட்காரவைத்து 'என்னதான் நடந்தது, முழுசாச் சொல்லு' என்று குடையக் கூடாது. அப்படி ஒரே மூச்சில் கொட்டவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை.

அந்த விபத்தின் வீடியோ உங்கள் வாட்ஸப்புக்கு வந்தால் திறக்காதீர்கள், அனுப்பவும் செய்யாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு செய்த ஓர் ஆய்வில், அடுத்து வந்த வாரத்தில் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் தெரிந்தது. மேலும், சாலையில் கிடப்பவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டுக்குத் தகவல் போவதற்கு முன்னால் வீடியோ போய்ச் சேரக் கூடாது.

குழந்தையும் கூட இருந்து பார்த்திருந்தால், 'நீ என்ன பார்த்தே?' என்று முதலில் கேளுங்கள். அது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இறந்தவரைத் 'தூங்கறாங்க' என்று சொல்லிவைத்தால் சில குழந்தைகள் தூங்கவே பயப்படும்.

ஒரு மாதம் கடந்தும் அந்தக் காட்சி தானாகக் கண்முன் வந்துகொண்டே இருந்தால், அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனால், எரிச்சலும் தூக்கமின்மையும் விடாமல் இருந்தால், அதற்குச் சிகிச்சை தேவை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இப்போது மனத்தின் வேலைக்கு வருவோம். அடுத்தவர் துயரத்தை இரண்டு விதமாக நினைக்கலாம். 'இது எனக்கு நடந்திருந்தால்?' என்பது ஒன்று. 'அவருக்கு இப்போது எப்படி இருக்கும்?' என்பது மற்றொன்று. டேனியல் பேட்சன் என்ற ஆய்வாளரின் குழு இந்த இரண்டையும் 1997-ல் பிரித்துச் சோதித்துப் பார்த்தது. அவரைப் பற்றி நினைத்தவர்களிடம் இரக்கம் வந்தது. தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தவர்களிடம் இரக்கத்தோடு கலக்கமும் சேர்ந்து வந்தது. கலக்கம் வந்தவர் தன் கலக்கத்தைத் தணிக்கத்தான் வழி தேடுவார். துக்க வீட்டில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு நழுவுவதும், மறுநாளே நாலு கோயிலுக்குப் பரிகாரத்துக்கு ஓடுவதும் பெரும்பாலும் இப்படித்தான். அதனால் 'ஐயோ, எனக்கு இப்படி ஆனால்' என்ற எண்ணம் எழும்போதெல்லாம், 'அந்த அம்மா இன்றைக்கு மதியம் சாப்பிட்டிருப்பாரா?' என்று கேள்வியை மாற்றிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக நம்மால் ஒரு டிபன் கேரியரையாவது தூக்கிக்கொண்டு போக முடியும்.

இதில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 'அந்தக் குடும்பத்தைப் பாரு, உனக்கென்ன குறைச்சல்?' என்று வீட்டில் இருப்பவர் வாயை அடைக்கிறோம். பத்தாம் வகுப்புப் பெண் அழுதாலும் இதே வசனம், மாமியாரால் நொந்துபோன மருமகள் பேசினாலும் இதே வசனம். அவர்கள் பேச்சு நின்றுவிடும், வலி நிற்காது. கால் இல்லாதவனைப் பார்த்துச் செருப்பு இல்லாதவன் ஆறுதல் அடையட்டும் என்று சொல்வார்களே, அதுவும் எனக்கு ஏற்புடையது இல்லை. கால் இழந்தவர் நமக்குப் பாடம் நடத்துவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பிரிக்மன் விசாரித்தவர்களைப் போல அவருக்கும் அவருடைய நாள், அவருடைய சிரிப்பு, அவருடைய வேலை என்று எல்லாம் உண்டு.

பிறர் துயரத்தால் கிடைக்கும் தெளிவை நம் கஷ்டங்களை எல்லாம் ஒரேயடியாக மட்டம் தட்டப் பயன்படுத்தாமல், தரம் பிரிக்கப் பயன்படுத்தலாம். அந்தத் தெளிவு இருக்கும் மூன்று நாலு நாளுக்குள், 20 நிமிஷம் ஒதுக்கி, ஒரு தாளில் இப்போது உங்களை அரிக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். சின்னது பெரியது பார்க்காமல் எழுத வேண்டும், மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டால் ஒன்றே பத்தாகச் சுற்றிச் சுற்றி வரும். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வி. இது ஒரு போனிலோ, ஒரு ஆளாலோ, கையில் இருக்கும் ஒரு தொகையாலோ தீருமா? மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகும் தண்ணீர், பிளம்பர் வந்தால் தீரும். பார்க்கிங், தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டால் பாதி தீரும். இவற்றுக்கு எதிரே ஒரு கிழமையும் ஒரு பெயரும் எழுதிவிடுங்கள். அதோடு அவை வேலைகள் ஆகிவிட்டன, கவலைப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

தீராது என்று நிற்பவை சில இருக்கும். அப்பாவின் டயாலிசிஸ், கணவரின் குடி, வட்டி ஏறிக்கொண்டே போகும் கடன். அடுத்த வீட்டு மரணத்தைக் காட்டி இவற்றைச் சிறிதாக்காதீர்கள். பார்க்கிங்குக்குக் கத்திய கோபம் பல வீடுகளில் உண்மையில் இங்கேயிருந்து வந்ததுதான். சின்னதெல்லாம் நகர்ந்த பிறகு இது தனியாகத் தெரியும், இதற்குத்தான் உதவி தேட வேண்டும்.

கூடவே, அந்த மரணம் காட்டிக்கொடுத்த ஓட்டைகளையும் அந்த வாரத்திலேயே அடையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் திரையில் தெரியும்படி அவசரத் தொடர்பு எண்ணைப் போட்டுவையுங்கள். எல்லாக் கணக்கிலும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிய பிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். லூசாக இருந்தால் விழும்போது தலையைவிட்டு முதலில் அதுதான் பறக்கும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

இனி அந்தக் குடும்பம். முதல் நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீடுகளிலிருந்து காபியும் இட்லியும் போய்விடும். நம் ஊர் வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பதினாறாம் நாள் காரியம் வரை உறவு ஜனம் இருக்கும். பதினேழாம் நாள் வீடு காலி. காகித வேலையின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அங்கிருந்தே தகவல் போகும், வீட்டில் என்றால் குடும்பத்தார் சொல்ல வேண்டும். சிக்கல் பெயரில் வரும். அவசரத்தில் அட்மிஷன் சீட்டில் 'குமார்' என்று எழுதியிருப்பார்கள், ஆதாரில் 'குமரேசன்', பாலிசியில் வேறு இனிஷியல். சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே ஆதார் நகலைக் கொடுத்துச் சரிபார்த்துவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். விபத்து மரணம் என்றால் எஃப்ஐஆர் நகலும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. இறந்தவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதங்களில் 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அவை மத்திய அரசின் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும். ஆயுள் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய், விபத்து மரணம் என்றால் விபத்துக் காப்பீட்டிலும் 2 லட்சம் ரூபாய் வரும், ஆனால் கேட்டால்தான் வரும். எப்போதோ கையெழுத்துப் போட்டது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். 'செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரேன் அக்கா, பாங்க்குக்குச் சேர்ந்தே போயிடலாம், பாஸ்புக்கும் ஆதாரும் மட்டும் எடுத்து வைங்க' என்று சொல்லுங்கள். 'உங்களுக்காவது ஒரு பிள்ளை இருக்கு' என்ற மாதிரி ஆறுதல் வேண்டவே வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள், அந்தப் பெயரை யாரும் உச்சரிக்காமல் போவதுதான் பல வீடுகளில் பெரிய குறை.

வருஷத் திவசம் வரைக்கும் மாதம் ஒருமுறை கூப்பிட, இன்றைக்கே போனில் நினைவூட்டல் போட்டுவையுங்கள். முதல் தீபாவளிக்கும் முதல் பொங்கலுக்கும் தனியாக ஒன்று. பண்டிகையன்று காலையில் கூப்பிடுவதைவிட, வீடு வெறிச்சென்று இருக்கும் முந்தின நாள் மாலையில் கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.