மின்கம்பி எட்டாத மலையில் ஓர் இரவு: கேமராவும் பவர் பேங்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஓர் இரவு முழுவதும் கேமராவை நிறுத்தாமல் இயக்குவது எப்படி என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற நாம் எல்லோரும் பையில் வைத்திருக்கும் பவர் பேங்கை இந்த வேலைக்குப் பயன்படுத்த முடியும், நன்றாகவே முடியும். ஆனால் பவர் பேங்க் இன்னொரு பேட்டரியை நிரப்பிவிட்டு ஓய்ந்துபோவதற்காகச் செய்யப்பட்ட கருவி. நாமோ அதைச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டின் இடத்தில் உட்கார வைத்து, விடியும்வரை இடைவிடாமல் மின்சாரம் தரும்படி கேட்கிறோம். களத்தில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

நான் இரவு வானத்தைப் படம் எடுப்பவன் என்பதால் அந்த வேலையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. நகர வெளிச்சத்திலிருந்து விலகிய இருட்டும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி கண்ணில் படுவதும் அந்த மலைக்கு உள்ள சிறப்புகள். வானியலாளர்களை ஈர்த்த அதே காரணங்கள்தான் படம் எடுப்பவர்களையும் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு இழுக்கின்றன. அங்கே ஒரு பாறைமேட்டில் முக்காலியை ஊன்றினால் அருகில் மின்கம்பம் இருக்காது; இருந்தாலும் அதன் விளக்கு வெளிச்சத்திலிருந்து தள்ளிப்போகவே நாம் விரும்புவோம்.

நட்சத்திரங்கள் வானில் வரையும் வட்டக் கோடுகளைப் படமாக்க வேண்டுமென்றால், கேமராவை அசையாமல் நிறுத்தி, முப்பது விநாடிக்கு ஒன்றாக அடுத்தடுத்துப் படங்கள் எடுத்து, பிறகு அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,200 படங்கள் ஆகும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது; அதாவது இரண்டே நிமிடத்தில் வானம் அரைப் பாகை நகர்ந்துவிடும். முழு நிலவின் அகலமும் அதே அரைப் பாகைதான். ஆகவே பேட்டரி தீர்ந்து, இருட்டில் தடவித் தடவி அதை மாற்றி, மறுபடி இயக்க இரண்டு நிமிடம் ஆனால், ஒவ்வொரு நட்சத்திரத்தின் கோட்டிலும் முழு நிலவு அளவு வரை ஓர் ஓட்டை விழும். பேட்டரி மூடியைத் திறக்கும்போது முக்காலி இம்மியளவு அசைந்தாலும் போதும், அதற்கு முன் எடுத்தவையும் பின் எடுத்தவையும் ஒன்றோடொன்று பொருந்தாது. இன்றைய கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களில் பரவலாக உள்ள சோனியின் என்பி-எஃப்இசட்100, கேனனின் எல்பி-இ6என்ஹெச், நிக்கானின் இஎன்-இஎல்15சி ஆகிய பேட்டரிகள் ஒவ்வொன்றும் சுமார் 16 வாட் மணி ஆற்றல் கொண்டவை; அதாவது ஒரு வாட் வீதம் செலவிட்டால் 16 மணி நேரம் வரும். நீண்ட நேரத் தொடர் படப்பிடிப்பில் கேமரா மூன்று முதல் நான்கு வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், நான்கைந்து மணி நேரத்தில் ஒரு பேட்டரி காலியாகும். சிறிய கேமராக்களின் பேட்டரியோ இதில் பாதிதான் தாங்கும்.

இங்கே வாட் மணி என்ற அளவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பவர் பேங்கின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 20,000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி) என்று போட்டிருப்பார்கள். அந்த எண் உள்ளே இருக்கும் லித்தியம் அயான் செல்களின் அளவு. அவற்றின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் மணி வருகிறது. அந்த 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ உயர்த்தித்தான் பவர் பேங்க் வெளியே தருகிறது. உயர்த்தும் வேலையில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். நம் கைக்கு வருவது ஏறத்தாழ 60 வாட் மணி. பல நிறுவனங்கள் இதையும் அச்சிடுகின்றன: பவர் பேங்கின் அடிப்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், 5 வோல்ட்டில் 12,000 எம்ஏஹெச் என்பதுபோல் ஒரு வரி இருக்கும். வாங்கும்போது அந்தச் சின்ன எழுத்தையே நம்புங்கள்.

அச்சிட்ட எண்ணே பொய்யாக இருந்தால் என்ன செய்வது? அதற்கு எடை போட்டுப் பார்ப்பதுதான் எளிய வழி. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல் ஒன்று ஏறத்தாழ 3,000 எம்ஏஹெச் கொள்ளும், 45 கிராமுக்குக் குறையாமல் எடையிருக்கும். 20,000 எம்ஏஹெச் வேண்டுமானால் அப்படி ஏழு செல்களாவது உள்ளே இருக்க வேண்டும்; செல்கள் மட்டுமே 300 கிராமைத் தாண்டும். நடைபாதைக் கடையில் 200 கிராம் எடையில் அதே எண்ணைப் போட்டு விற்றால், அதைத் தொடாமல் நகர்ந்துவிடலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண், ஆங்கில எழுத்து ‘ஆர்’ரில் தொடங்கி எட்டு இலக்கங்களோடு, பவர் பேங்கின்மேல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்பு இதே வேலைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். கணக்குப்படி 84 வாட் மணி, எடை இரண்டு கிலோவுக்கு மேல். இன்று அதை நெருங்கும் ஆற்றலை அரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் எடுத்துச்செல்கிறோம் என்பது உண்மையிலேயே பெரிய விடுதலை.

ஆற்றல் போதுமா என்று தெரிந்துகொண்டால், அதைக் கேமராவுக்குள் கொண்டுசேர்ப்பது அடுத்த வேலை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கேமராவின் யூஎஸ்பி டைப்-சி துளை வழியாகவே மின்சாரம் கொடுப்பது. எல்லாக் கேமராவும் இதற்கு இடம் தராது. நிக்கானின் முதல் இசட்6, இசட்7 கேமராக்கள் அணைத்துவைத்திருக்கும்போது மட்டுமே யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறும்; 2020இல் வந்த இரண்டாம் பதிப்புகளில்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வெளி மின்சாரத்தில் இயங்கும் வசதி வந்தது. ஆகவே உங்கள் கேமராவின் கையேட்டில் ‘சார்ஜ் ஆகும்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘இயங்கும்’ என்றும் இருக்கிறதா என்று பிரித்துப் படிக்க வேண்டும். இயங்கும் கேமராவாக இருந்தால் உள்ளே பேட்டரியும் இருக்கும் என்பதால், பவர் பேங்க் நடுவில் நின்றுபோனாலும் கேமரா தொடர்ந்து வேலை செய்யும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வாய்ப்பிருக்கும் இடத்தில் நான் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வழி டம்மி பேட்டரி. பேட்டரியின் அதே வடிவில் ஒரு வெற்றுக்கூடு. அதிலிருந்து ஒரு வயர் வெளியே வரும். கேமராவின் பேட்டரி மூடி ஓரத்தில் ரப்பரால் மூடிய சிறு திறப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வயர் வெளியேறுவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி கொண்ட பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. இரண்டு செல் கொண்ட பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும் என்பதால், டம்மி பேட்டரிக்கு 8 வோல்ட் அளவில் நிலையான மின்னழுத்தம் வேண்டும். சில வயர்கள் பவர் பேங்கின் 5 வோல்ட்டை 8ஆக உயர்த்துகின்றன. வேறு சில, பவர் டெலிவரி என்ற முறைப்படி பவர் பேங்கிடம் 9 வோல்ட் கேட்டு வாங்கி அதை 8ஆகக் குறைக்கின்றன. இரண்டாவது வகையே நம்பகமானது. எஸ்எல்ஆரில் கண்ணாடி மேலெழும்பும் அந்த ஒரு நொடியில் கேமரா திடீரென்று அதிக மின்னோட்டத்தை இழுக்கும். உயர்த்தும் வகை வயர்களில் தரம் குறைந்தவை அப்போது தாங்காமல் தளர்ந்து, கேமரா அணைந்துவிடும். டம்மி பேட்டரியில் அணைந்தால் தாங்கிப்பிடிக்க உள்ளே எதுவும் கிடையாது. வீடியோ பதிவாகிக்கொண்டிருந்தால் அந்தக் கோப்பே திறக்காமல் போகக்கூடும்.

வயரின் கனத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 28 கேஜ் என்ற மெல்லிய செம்பு இழை கொண்ட ஒன்றரை மீட்டர் வயரில் இரண்டு ஆம்பியர் ஓடினால், போகவர உள்ள தடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும்; 5 வோல்ட் கிளம்பி 4 வோல்ட்கூட வந்துசேராது. அதே வாட் அளவை 9 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் ஏறக்குறையப் பாதியாகும், வழியில் தொலையும் வோல்ட்டும் அந்த அளவுக்குக் குறையும். எனவே குட்டையான, கனமான வயரை வாங்கி, அதை முக்காலியின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இருட்டில் யாராவது கால் தடுக்கினாலும் இழுவிசை கேமராவின் துளைக்குப் போகாது. பவர் பேங்கை ஒரு துணிப்பையில் போட்டு முக்காலியின் நடுக்கொக்கியில் தொங்கவிடலாம். அதன் நீலநிற விளக்கை மறக்காமல் கறுப்பு டேப்பால் ஒட்டிவிடுங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாத அந்தச் சிறு விளக்கு, முப்பது விநாடி வெளிச்சப் பதிவில் பக்கத்துப் பாறையை நீலமாக்கிவிடும்.

இனி, பவர் பேங்கைக் கொண்டு கேமராவை இயக்குபவர்களை அதிகம் திகைக்க வைக்கும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். எல்லாம் சரியாக இணைக்கப்பட்டிருக்கிறது, சார்ஜும் நிறைய இருக்கிறது, ஆனாலும் சற்று நேரத்தில் பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. இது பழுதல்ல. குடம் நிரம்பியதும் தானே மூடிக்கொள்ளும் குழாயைப்போல, வெளியே போகும் மின்னோட்டம் ஏறத்தாழ 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால், இணைத்த கைப்பேசி நிரம்பிவிட்டது என்று பவர் பேங்க் முடிவுசெய்து நின்றுவிடும். தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் கேமரா இந்த வலையில் சிக்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துவிட்டு இடையில் உறங்கும் கேமராதான் சிக்கும். புளூடூத் இயர்போன் போன்ற சின்னப் பொருள்களுக்காகச் சில பவர் பேங்குகளில் குறைந்த மின்னோட்ட நிலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் பொத்தானை இருமுறை அழுத்தினால் அது வரும். ஆனால் சிலவற்றில் அந்த நிலையும் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக முடிந்துவிடும் என்பதால், வீட்டிலேயே ஓர் இரவு ஓடவிட்டுச் சோதிக்காமல் அதை நம்பக் கூடாது.

ஒரு பவர் பேங்கில் இரண்டு மூன்று துளைகள் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் அதிலேயே செருகிவிடலாமே என்று தோன்றும். பல பவர் பேங்குகளில், ஒரு துளை வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்றில் எதையாவது செருகினால், மின்பங்கீட்டை மறுபடி முடிவுசெய்வதற்காக எல்லாத் துளைகளும் ஒரு கணம் நின்று பிறகு உயிர்பெறும். கைப்பேசிக்கு அந்த ஒரு கணம் பொருட்டே இல்லை. டம்மி பேட்டரியில் ஓடும் கேமராவுக்கோ அது முழுமையான மின்தடை. நள்ளிரவில் கைப்பேசிக்குச் சார்ஜ் போட வேண்டுமென்றால் கேமராவின் பவர் பேங்கைத் தொடாதீர்கள்.

கைப்பேசியை ஒதுக்கிவிட்டாலும், மின்சாரம் கேட்கும் இன்னொரு பொருளை ஒதுக்க முடியாது. காவலூர்ப் பக்கம் வானம் தெளிவாகக் கிடைப்பது தை முதல் பங்குனி வரையில்தான். டிசம்பர் 13, 14 தேதிகளில் புனர்பூச நட்சத்திரங்களுக்கு அருகிலிருந்து பொழியும் ஜெமினிட் எரிமீன்களை வடகிழக்குப் பருவமழை மேகங்கள் பெரும்பாலும் மறைத்துவிடுவது தமிழ்நாட்டு வான்பட ஆர்வலர்களின் தீராத குறை. தெளிந்த மாதங்களிலோ பனி கொட்டுகிறது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்ற பழமொழி லென்ஸ் கண்ணாடியையும் விட்டுவைப்பதில்லை. திறந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், நள்ளிரவுக்குமேல் அதன்மேல் மெல்லிய நீர்த்திரை படியும். நட்சத்திரங்கள் முதலில் பஞ்சுபோல் விரிந்து, பிறகு மறைந்தேபோகும். துடைத்தால் சில நிமிடங்களில் மறுபடி படியும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை ஒன்றுதான் இதற்கு மருந்து. யூஎஸ்பியில் இயங்கும் அந்தப் பட்டை 5 வாட்டும் அதற்கு மேலும் எடுக்கும்.

அதாவது, கேமராவைவிட அதன் கண்ணாடியை உலர்வாக வைத்திருப்பதற்கே அதிக மின்சாரம் செலவாகிறது. கேமராவுக்கு மூன்றரை வாட் வீதம் பத்து மணி நேரத்துக்கு 35 வாட் மணி. ஹீட்டருக்கு ஐந்து வாட் வீதம் ஒன்பது மணி நேரத்துக்கு 45 வாட் மணி. ஆக மொத்தம் 80. ஒரு 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் தரும் 60 இதற்குப் போதாது. பெரிதாக ஒன்று வாங்குவதைவிட அதே அளவில் இரண்டு வாங்கி, கேமராவுக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று என்று பிரித்துவிடுவது நல்லது. ஹீட்டருடையது தீர்ந்தாலும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். தீர்ந்ததை மாற்றும்போது கேமராவின் பக்கம் கையே போக வேண்டியதில்லை. இதற்கு ஒரே விதிவிலக்கு, நான் முன்னே சொன்ன உறங்கும் கேமரா. அதையும் ஹீட்டரையும் ஒரே பவர் பேங்கில் சேர்த்தால், ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டமே பவர் பேங்கை அணையவிடாமல் விழிக்கவைக்கும். அப்படிச் செய்வதானால் இரண்டையும் செருகி முடித்த பிறகே கேமராவை இயக்குங்கள்.

இந்தக் கணக்குகளில் நான் சொன்ன வாட் அளவுகள் பொதுவானவை. உங்கள் கேமராவின் அளவை அறிய, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மீட்டரைப் பவர் பேங்குக்கும் வயருக்கும் நடுவில் செருகி, லென்ஸ் மூடியை மூடிவைத்து, மலையில் எடுக்கப்போகும் அதே அமைப்பில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பேட்டரிக்கு ஏறும் சார்ஜும் சேர்ந்து கணக்கு தப்பாகும்.

லடாக்கின் ஹான்லேவுக்குப் போக எண்ணுபவர்களுக்கு ஒன்றிரண்டு செய்திகள். 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானாய்வகம் அமைந்துள்ள அந்தப் பகுதி, 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஹெச் அந்த வரம்புக்குள் அடங்கும். விமான நிலையத்தில் கேட்டால் காட்டுவதற்கு, மேலே அச்சிட்டிருக்கும் எழுத்து அழியாமல் இருக்க வேண்டும். அங்கே உறைபனிக் குளிரில் பவர் பேங்க் தரும் ஆற்றல் வெகுவாகக் குறையும் என்பதால், அதைக் கம்பளித் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். குளிரில் கிடந்ததை உடனே சார்ஜில் போடாதீர்கள். பூஜ்யம் பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, அதன் ஆயுளையும் பாதுகாப்பையும் கெடுத்துவிடும். அறைக்குள் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே ஏற்ற வேண்டும்.

நம் சமவெளிக்கு வந்தால் ஆபத்து வெயிலிலிருந்து வருகிறது. பூட்டிய காரின் முன்பலகையில் ஒரு சித்திரை மதியம் கிடந்த பவர் பேங்கை அடுத்த பயணத்துக்கு நான் எடுத்துச்செல்ல மாட்டேன். பயணம் இல்லாத மாதங்களில் பாதி அளவு சார்ஜோடு, வெப்பமில்லாத இடத்தில் வைத்திருங்கள். பக்கங்கள் உப்பத் தொடங்கிவிட்டால், இன்னும் வேலை செய்கிறதே என்று பார்க்காமல் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். அதை வீட்டுக் குப்பையில் போடுவது துப்புரவுப் பணியாளர்களின் கையில் நெருப்பைக் கொடுப்பதாகும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தியிருக்கின்றன. ஆகவே முனைகளை டேப்பால் மூடி, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.