மியூவைக் கேட்க முழு ஆல்பமே வழி

நடுவர் அவர்களே, வணக்கம். ‘கேட்டுப் பாதியில் விட்ட ஒரு ராக் குழுவை மறுபடி கேட்க ஏற்றது தேர்ந்தெடுத்த பாட்டுகளா, முழு ஆல்பமா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் டென்மார்க்கின் மியூ குழுவை உதாரணம் காட்டி, “ஹிட்டான அஞ்சு பாட்டைக் கேளுங்க, பிடிச்சா மிச்சத்தைப் பாருங்க” என்றார். ஐயா கூட்டிவந்த சாட்சியே எங்கள் பக்கம் பேசுகிறது!

மியூவை இண்டி ராக், அதாவது பெரிய கம்பெனிப் பாணிக்கு வெளியே வளர்ந்த ராக், என்றுதான் சொல்வார்கள். ஆனால் 2005இல் வந்த ‘அண்ட் த கிளாஸ் ஹேண்டட் கைட்ஸ்’ ஆல்பத்தின் கட்டுமானம் நீண்டு, பல பகுதிகளாகத் தொடரும் ப்ராக்ரெசிவ் ராக் வழி வந்தது. 14 டிராக், சுமார் 54 நிமிடம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் பெரும்பாலும் இடைவெளியே கிடையாது. ‘ஸ்பெஷல்’ ஆறாவது டிராக். அது முடிகிற வேகத்திலேயே ஏழாவதான ‘த ஜூகீப்பர்ஸ் பாய்’ பிறக்கிறது. எதிரணியின் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன, நடுவில் வேறொரு பாட்டை வைத்திருக்கிறார்கள்! ‘ஃபாக்ஸ் கப்’ ஒரு நிமிடத்துச் சொச்சம்தான். எந்த ஹிட் பட்டியலிலும் ஏறாது. ஆனால் ‘அபோகலிப்ஸோ’வுக்கு வாசற்படியே அதுதான்.

“முழுசாத்தான் கேட்டேன், ஒட்டவே இல்லையே” என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பாட்டுப் போடும் பிளேயரின் செட்டிங்கில். முதலில் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். அடுத்து, ஒரு பாட்டு தேயும்போதே அடுத்ததைத் தொடங்கிவிடும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்குங்கள். அதை ஐந்து நொடிக்கு வைத்தால் ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். இடைவெளி விடாமல் அடுத்த டிராக்குக்குப் போகும் கேப்லெஸ் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி வேண்டுமென்றால் ‘ஆல்பம்’ முறையில் வையுங்கள். ‘டிராக்’ முறை மெதுவான துண்டையும் உரக்கத் தூக்கிவிடும். இரண்டு டிராக் சேருமிடத்தில் ஒலி குதிக்கும்.

சிடியிலிருந்து எடுப்பவர்கள் எம்பி3யாக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் மிகச்சிறு அளவீடு) கொண்ட கட்டங்களாக வெட்டும். சிடி தரத்தில் ஒரு கட்டம் சுமார் 26 மில்லிநொடி. பாட்டு கட்டத்தின் நடுவில் முடிந்தால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பைப் படித்துக் கழிக்கத் தெரியாத பிளேயரில் ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு விக்கல் கேட்கும். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பாவம், பழி மட்டும் குழுமேல்!

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2003இன் ‘ஃபிரெங்கர்ஸ்’ ஆல்பத்தில் பல பாட்டுகள் முந்தைய இரண்டு ஆல்பங்களில் வந்து, மறுபடி பதிவானவை. அவை தனித்தனியே நிற்கும். 2009 ஆல்பத்தின் ‘நியூ டெர்ரைன்’ பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் ‘நெர்வஸ்’ என்ற வேறொரு பாட்டு வரும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து, எஃபெக்ட் பட்டியலில் ரிவர்ஸ் கொடுத்தால் போதும். இதற்கு ஆல்பம் தேவையில்லை, சரி. ஆனால் அந்த ஒரு வித்தையை வைத்து 2005 ஆல்பத்தையும் கூறுபோடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

“54 நிமிஷத்துக்கு எங்கே போக?” என்றும் கேட்டார்கள். நேரமில்லையா, முதல் ஏழு டிராக்கோடு நிறுத்துங்கள். மறுநாள் எட்டிலிருந்து தொடங்காதீர்கள், வெட்டுப்பட்ட இடம் காதில் அடிக்கும். ஏழையே மறுபடி போட்டு, அதன் வழியாக எட்டுக்குள் போங்கள். நன்றி, வணக்கம்.