வக்கீல் ஃபீஸுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் தனிநபர் திவால் வழக்குகளைக் கவனிக்கும் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதனால் இங்கே சொல்லப்போவது பொதுவான தகவல்தான், உங்கள் நிலைமைக்கு என்ன பொருந்தும் என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு போன் பண்ணுகிறவர்கள் கடன் எவ்வளவு, வீடு போய்விடுமா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "கையில் காசே இல்லாமல்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன், வக்கீலுக்கு எங்கே போவேன்?" இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே பலர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். திவால் சட்டத்தில் சேப்டர் 7 என்பது பெரும்பாலான கடன்களை அடியோடு ரத்து செய்யும் வகை. சிக்கல் இல்லாத வழக்கு என்றால் வக்கீல்கள் மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள், பெரும்பாலும் 1,000 டாலரிலிருந்து 2,000 டாலருக்குள், ஊரைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கோர்ட்டுக்குக் கட்ட வேண்டிய 338 டாலர் தனி. சேப்டர் 13, அதாவது 3 முதல் 5 வருடத்துக்குள் தவணையாகக் கட்டும் வகையில், வக்கீல் ஃபீஸ் சில ஆயிரங்கள் ஆகும், கோர்ட் கட்டணம் 313 டாலர்.

சேப்டர் 7-இல் முழு ஃபீஸையும் ஏன் முன்கூட்டியே கேட்கிறார்கள் என்று பலருக்குக் கோபம் வருகிறது. அதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மனு போட்ட நிமிடம் வரை நீங்கள் யாருக்கெல்லாம் பாக்கியோ அத்தனையும் அந்த வழக்குக்குள் போய்விடும், வக்கீலுக்கு வைத்த பாக்கியும் சேர்த்து. அப்புறம் அதை அவர் உங்களிடம் கேட்கவே முடியாது. வழக்கில் சேரும் சொத்திலிருந்தும் அவருக்குக் கொடுக்க வழியில்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே முன்பணம் கேட்பவரைப் பேராசைக்காரர் என்று நினைக்க வேண்டாம்.

சரி, அந்தப் பணம் எங்கே இருக்கிறது? என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது மாதாமாதம் அவர்கள் கையை விட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டை மேஜை மேல் வைத்து, கிரெடிட் கார்டுகளுக்குப் போகும் மினிமம் பேமெண்டுகளையும் பெர்சனல் லோன் தவணையையும் மட்டும் ஒரு பேனாவால் வட்டம் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு கார்டுக்கு 140, அடுத்ததற்கு 95, இன்னொன்றுக்கு 180, கடையில் வாங்கிய கார்டுக்கு 45, ஆன்லைனில் எடுத்த பெர்சனல் லோனுக்கு 210. கூட்டினால் 670 டாலர். இதில் பெரும்பகுதி வட்டிக்குப் போகிறது, அசல் அசையவே இல்லை. திவால் மனு போடுவது என்று முடிவாகிவிட்டால் இந்தக் கடன்கள் எல்லாம் ரத்தாகப் போகிறவை. ரத்தாகப் போகும் கடனுக்கு மூன்று மாதம் கட்டும் பணம் 2,010 டாலர், வக்கீல் ஃபீஸும் கோர்ட் கட்டணமும் அநேகமாக அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இதைக் கேட்டதும் நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். முதலில் வக்கீலைப் பாருங்கள். திவால் வழக்கு எடுக்கும் வக்கீல்களில் நிறையப் பேர் முதல் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, அதனால் பணம் சேர்ந்த பிறகுதான் போக வேண்டும் என்றே இல்லை, பணம் இல்லாதபோதுதான் போக வேண்டும். மனு போடுவதுதான் வழி என்று அவர் சொன்ன பிறகு எதை நிறுத்தலாம், எதைக் கட்டியே ஆக வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை, கரண்ட் பில், கார் இன்ஷூரன்ஸ், தக்கவைத்துக்கொள்ள நினைக்கும் வீட்டுக் கடன், கார் கடன் இவற்றையெல்லாம் விடக்கூடாது. சேமிக்கும் பணத்தைக் கடன் வாங்கிய அதே வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ போட்டு வைக்காதீர்கள், சில ஒப்பந்தங்களில் பாக்கிக்காகக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை எழுதி வைத்திருப்பார்கள்.

கட்டுவதை நிறுத்தினால் போன் மேல் போன் வருமே என்ற பயம் வரும். பல வக்கீல்கள் ஃபீஸைத் தவணையாகவே வாங்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முதல் தவணை கட்டி, அவரும் உங்கள் வழக்கை எடுத்துக்கொண்டார் என்றால், வசூல் ஏஜென்சியிலிருந்து அழைப்பவர்களிடம் அவருடைய பெயரையும் போன் நம்பரையும் சொன்னால் போதும். அதற்குப் பிறகு அவர்கள் உங்களை விட்டுவிட்டு வக்கீலிடம்தான் பேச வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். கடன் கொடுத்த வங்கியே நேரடியாக அழைத்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனாலும் வக்கீல் பெயரைக் கேட்டதும் அவர்களிலும் பலர் விட்டுவிடுவார்கள். ஃபீஸில் ஒரு பகுதி கட்டியதுமே ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

ரொம்ப நாள் இழுக்கவும் கூடாது. கடன் கொடுத்த ஒருவர் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டால், பல மாநிலங்களில் சம்பளத்திலேயே கை வைக்கலாம், வரி போக மிஞ்சும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை. அது ஆரம்பித்துவிட்டால் சேமிப்பது இரண்டு மடங்கு கஷ்டம். சம்மன் வந்தால் அதை டிராயரில் போட்டு மூடாமல் அன்றைக்கே வக்கீலிடம் கொடுங்கள்.

டாக்ஸ் ரீஃபண்ட் இன்னொரு வழி. 2001-லும் 2008-லும் அரசாங்கம் வரிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, செக் கைக்கு வந்த பிறகு திவால் மனுக்கள் கூடின என்று பொருளாதார ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது காசில்லாமல் காத்திருந்தவர்கள் அவ்வளவு பேர். ரீஃபண்டை எப்போது வாங்கி எப்போது செலவழிப்பது என்பதில் மட்டும் வக்கீல் சொல்படி நடந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மனு போடும் நாளில் அது கையில் இருந்தாலோ வர வேண்டியதாக இருந்தாலோ சொத்துக் கணக்கில் சேரும்.

இனி, பணம் புரட்டுவதாக நினைத்துக்கொண்டு செய்யும் சில காரியங்கள். வக்கீல் ஃபீஸை கிரெடிட் கார்டில் தேய்க்க நினைக்காதீர்கள். கட்டப் போவதில்லை என்று தெரிந்தே வாங்கும் கடன் அது, அப்படிக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டச் சொல்ல வக்கீலுக்கும் சட்டப்படி அனுமதி இல்லை. 401(கே)-யை உடைக்காதீர்கள். அந்த ஓய்வுக்காலப் பணத்தைத் திவால் வழக்கில் யாரும் தொட முடியாது, நீங்களே எடுத்தால்தான் வரியும், ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்பு என்றால் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் சேரும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது சொந்தக்காரர் விஷயத்தில். கார்டு கம்பெனி எக்கேடு கெட்டுப் போகட்டும், அண்ணனிடம் வாங்கிய கைமாற்றை மட்டுமாவது திருப்பிக் கொடுத்துவிட்டு மனு போடுகிறேன் என்பார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் மனு போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் சொந்தக்காரருக்கு அடைத்த கடனை, வழக்கை நிர்வகிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி அந்த அண்ணனிடமிருந்தே திரும்பக் கேட்கலாம். அண்ணன் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். அதைவிட, வழக்கு முடிந்த பிறகு நீங்களாக விரும்பி அவருக்குக் கொடுங்கள், அதைச் சட்டம் தடுப்பதில்லை. அண்ணனோ அக்காவோ உதவுவதாக இருந்தால், கடனாக இல்லாமல் உதவியாக வக்கீலுக்கே நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று வக்கீல் கோர்ட்டில் எழுதிக் கொடுப்பார்.

நகையை விற்று ஃபீஸ் கட்டலாமா என்றும் கேட்பார்கள். வக்கீலைக் கேட்டுவிட்டு, நியாயமான விலைக்கு, ரசீதோடு விற்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. தங்கை பீரோவில் வைத்துவிட்டு இல்லை என்று எழுதுவதுதான் பிரச்சினை. இந்தியாவில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, வீடு, பங்கு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும், சொத்து உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் வரும். மறைப்பது கிரிமினல் குற்றம், 5 வருடம் வரை சிறை.

முன்பணமே வேண்டாம், சேப்டர் 13 போடலாம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். வீட்டுக் கடன் பாக்கியை அடைத்து வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது நல்ல வழி. சேப்டர் 7-க்குத் தகுதி இருக்கும்போது, ஃபீஸைப் பிறகு கட்டலாம் என்ற ஒரே காரணத்துக்காக அதில் நுழைவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடையில் வேலை போய்த் தவணை நின்றால் வழக்கு தள்ளுபடியாகும், கடன் அப்படியே திரும்பி வரும். சேப்டர் 7-லேயே மனுவுக்கு ஒரு ஒப்பந்தம், மீதி வேலைக்கு மனுவுக்குப் பின் ஒரு ஒப்பந்தம் என்று பிரித்து வாங்குபவர்களும் உண்டு. எல்லாக் கோர்ட்டும் இதை ஏற்பதில்லை, மொத்தத்தில் எவ்வளவு கூடுதலாகிறது என்று கேட்டுவிடுங்கள்.

வருமானம் ரொம்பக் குறைவு என்றால், மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் கீழே இருந்து, தவணையிலும் கட்ட முடியாதவர்களுக்கு, சேப்டர் 7-இன் கோர்ட் கட்டணத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம். மற்றவர்கள் நான்கு தவணைகளில், 120 நாட்களுக்குள் கட்ட அனுமதி கேட்கலாம். மனுவுக்கு முன்னால் முடிக்க வேண்டிய கிரெடிட் கவுன்சிலிங் வகுப்புக்கும் கட்டணச் சலுகை உண்டு. இலவச சட்ட உதவி அலுவலகங்கள், சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்கள் எங்கே இருக்கின்றன என்று விசாரியுங்கள். எளிமையான சேப்டர் 7 வழக்குகளுக்கு அப்சால்வ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு இலவசமாக மனு தயாரிக்க உதவுகிறது. காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருகிறவர்களிடம் மட்டும் உஷாராக இருங்கள், தட்டச்சு செய்வதைத் தவிர சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது இரண்டு வருட டாக்ஸ் ரிட்டர்ன், இரண்டு மாத சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், கடன் கொடுத்தவர்களின் பட்டியல் இவற்றைக் கையோடு எடுத்துப்போங்கள். ஃபீஸில் எது அடங்கும் என்று கேளுங்கள். மனுவுக்குப் பின் நடக்கும் கடன் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கு வக்கீலே வருவாரா, விட்டுப்போன ஒரு கடனைப் பின்னால் சேர்த்தால் கூடுதல் கட்டணமா, கடன் கொடுத்த யாராவது எதிர்த்து வழக்குப் போட்டால் என்ன ஆகும், நடுவில் நீங்கள் மனம் மாறினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும். பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.