மனசுக்குள்ளே கத்துங்க!

நடுவர் அய்யாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காங்க, வணக்கத்தை இத்தோட நிறுத்திக்கிறேன்.

தலைப்பு: பெருந்தொற்றுக் காலத்தில் பொழுதுபோக்குப் பூங்காக்களைக் கரை சேர்த்தது நிர்வாகத்தின் தலைமையா, பார்வையாளர்களின் பொறுப்புணர்வா? நான் பார்வையாளர் கட்சி.

எனக்கு முன்னால பேசிட்டு உட்கார்ந்த எதிரணி அண்ணன் ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, ஜப்பான் கதை. இன்னொண்ணு, "பார்வையாளர்களா? ஒரு பாப்கார்னைக் கையில பிடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் மாஸ்க் போடாம சுத்தின கூட்டம்தானே அது!"ன்னாரு. நீங்களும் கைதட்டினீங்க. முன் வரிசையில யார் யார் தட்டினீங்கன்னு குறிச்சு வச்சிருக்கேன். பாப்கார்னுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஜப்பான், ஏன்னா அண்ணன் அதை அரை நிமிஷத்துல முடிச்சுட்டாரு. அரை நிமிஷத்துல சொல்ற கதையா அது?

புஜி மலை அடிவாரத்துல புஜி-கியூ ஹைலேண்டுன்னு ஒரு பூங்கா. அங்க புஜியாமான்னு ஒரு ரோலர் கோஸ்டர். உயரம் 79 மீட்டர். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்து உச்சியை அண்ணாந்து பார்த்திருப்பீங்கல்ல? அதுக்கும் மேல. அங்கேருந்து 70 மீட்டர் ஒரே இறக்கம், வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், மொத்தம் 3 நிமிஷம் 36 விநாடி.

2020 மே மாசம் ஜப்பான் பூங்காச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க. கார்ட்டூன் வேஷக்காரங்க யாருக்கும் கை குடுக்கக் கூடாது. பேய் வீட்டுல இருக்கிற பேய் இடைவெளி விட்டு நின்னுதான் பயமுறுத்தணும். சிரிக்காதீங்க, நிஜமாவே எழுதியிருந்தாங்க. பேய்க்குச் சமூக இடைவெளி! அதே வழிகாட்டியில இன்னொரு வரி: சவாரியில கத்தக் கூடாது.

காரணம் சரியான காரணம்தான். பேசுறதை விடக் கத்துறப்போ எச்சில் துளி அதிகமாத் தெறிக்கும். வண்டி முன்னால பாயுது, காத்து பின்னால அடிக்குது. முதல் வரிசைக்காரர் வாயைத் திறந்தா இரண்டாவது வரிசைக்காரருக்குத் தீர்த்தம்.

ஆனா 70 மீட்டர் பள்ளத்துல தள்ளிவிட்டுட்டு வாயை மூடுன்னா எப்படி? இறங்குற நொடியில வயிறு தொண்டைக்கு வருது. உடம்பு தானா மூச்சை இழுத்துப் பிடிக்குது, பிடிச்ச மூச்சு வெளிய வர்றப்போ சத்தமாத்தான் வரும். அது மரியாதைக் குறைவில்லீங்க, அனிச்சைச் செயல். பார்வையாளர்கள் அதைத்தான் சொன்னாங்க: "எங்களால முடியாதுங்க."

இப்போ வர்றாங்க பாருங்க, பூங்கா நிர்வாகத்தோட ரெண்டு பெரிய அதிகாரிங்க. கோட்டு, சூட்டு, டை, மாஸ்க். புஜியாமாவுல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தாங்க. எதிர்ல கேமரா. வண்டி ஏறுது... முகத்துல ஒண்ணும் இல்ல. உச்சிக்குப் போகுது... ஒண்ணும் இல்ல. விழுது! முடி பறக்குது, டை பறக்குது, ரெண்டு பேர் முகமும் அப்படியே இருக்கு. கல்யாண மண்டபத்துல மொய் நோட்டு எழுத உட்கார்ந்தவர் மாதிரி! தண்டவாளம் கடகடன்னு கத்துது, மனுஷங்க கத்தல. கடைசியில திரையில ஒரே ஒரு வரி: "தயவுசெய்து மனசுக்குள்ளே கத்துங்க."

மனசுக்குள்ளே கத்துங்க! இதுக்கு ஜப்பான்லேருந்து ஆள் வந்து நமக்குப் பயிற்சி குடுக்கணுமா? மாசம் இருபத்தெட்டாம் தேதி ஏடிஎம் வாசல்ல மீதி எவ்வளவுன்னு சீட்டை எடுத்துப் பார்க்கிறப்போ நாம என்ன செய்யறோம்?

அண்ணன் இந்தக் காணொளியைக் காட்டி, "பார்த்தீங்களா, தானே ஏறிக் காட்டினான், அதுதான்யா தலைமை"ன்னாரு. அண்ணே, கதையில ஒரு வரியை விட்டுட்டீங்க. திருப்பிச் சொல்றேன். முதல்ல விதி வந்துச்சு. ரெண்டாவது, பார்வையாளர் "முடியாது"ன்னாங்க. மூணாவதுதான் இவங்க ஏறினது. கேள்வி கேட்டது வரிசையில நின்ன ஆளு. அவன் கேட்கலைன்னா அந்த ரெண்டு பேரும் அன்னைக்கு ஆபீஸ்ல உட்கார்ந்து டீ குடிச்சிருப்பாங்க.

இன்னொண்ணும் யோசிங்க. அவங்க ஏறினது கேமரா இருக்குன்னு தெரிஞ்சு. மறுநாளும் அதுக்கு மறுநாளும் காசு குடுத்து ஏறினது யாரு? பதினாறு வயசுப் பொண்ணு, முதல் தடவை ஏறுற பையன். அந்தப் பையன் பல்லைக் கடிச்சுக்கிட்டு 3 நிமிஷம் 36 விநாடி மனசுக்குள்ளே கத்தினான் பாருங்க, அவனுக்கு யார் படம் பிடிச்சா?

சரி, பாப்கார்ன்.

இடம் அமெரிக்கா, புளோரிடாவுல வால்ட் டிஸ்னி வேர்ல்டுன்னு டிஸ்னி கம்பெனியோட பூங்கா. 2020 மார்ச் நடுவுல மூடினாங்க, ஜூலை 11-ம் தேதி திறந்தாங்க. ரெண்டு வயசுலேருந்து எல்லாருக்கும் மாஸ்க். எப்பக் கழட்டலாம்? சாப்பிடுறப்போ, குடிக்கிறப்போ. விதி அவ்வளவுதான். 'உட்கார்ந்து'ன்னோ 'நின்னு'ன்னோ ஒரு வார்த்தை அதுல இல்ல. ஜூலை மாசப் புளோரிடா வெயில், காத்துல ஈரம். மாஸ்க் பத்து நிமிஷத்துல நனைஞ்சு மூக்கோட ஒட்டும். பக்கத்துலயே பாப்கார்ன் கடை. மனுஷன் என்ன செய்வான்? வாங்கினான், கொறிச்சுக்கிட்டே நடந்தான். கொறிக்கிற வரைக்கும் அவன் விதிப்படிதான் நடக்கிறான்!

அந்தப் பாப்கார்ன் எதுல வருதுன்னு அண்ணன் சொன்னாரா? பிளாஸ்டிக் வாளியில. வாளிக்கு வார் இருக்கு, கழுத்துல மாட்டிக்கலாம். தீர்ந்தா மறுபடி நிரப்பிக்கலாம், அதுக்குத் தனி விலை. நடந்துக்கிட்டே தின்னுன்னு கழுத்துல வாளியை மாட்டி விட்டது யாரு? நிர்வாகம். மாட்டின வாளியிலேருந்து தின்னா குத்தம் யாருது? பார்வையாளருது. இது எந்த ஊர் நியாயம் அண்ணே?

திறந்து பத்து நாள் ஆகறதுக்குள்ள விதியைத் திருத்தினாங்க. ஒரே இடத்துல நின்னு, இடைவெளி விட்டுத்தான் சாப்பிடணும்னு. திருத்தினதும் கூட்டம் ஓரமா நின்னுச்சு, தின்னுச்சு, மாஸ்க்கை ஏத்திக்கிட்டு நடந்துச்சு. விதியில ஒரு ஓட்டை. நடந்து காட்டி அதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது பாப்கார்ன்காரன். அவனுக்குச் சம்பளம் குடுத்திருக்கணும், நீங்க இங்க வச்சுத் திட்டுறீங்க!

தலைமை, தலைமைன்னு சொல்றீங்களே, தலைமை செஞ்ச ஒரு வேலையை நான் சொல்லட்டுமா? சவாரி நடுவுல ஒரு கேமரா படம் எடுக்கும், தெரியும்ல? மாஸ்க் போடாதவங்களுக்கு அந்தப் படம் கிடையாதுன்னாங்க. நல்ல விதி. அபராதம் இல்ல, சண்டை இல்ல, படம் மட்டும் வராது. படத்துக்காகவே ஜனங்க போட்டுக்கிட்டாங்க. அதோட விட்டிருக்கலாம். 2020 டிசம்பர்ல என்ன செஞ்சாங்க? மாஸ்க்கை இறக்கினவங்க படத்துல கம்ப்யூட்டர்லயே ஒரு மாஸ்க்கை வரைஞ்சு ஒட்டிக் குடுத்தாங்க. முகத்துல போட வேண்டியதைப் படத்துல போட்டாங்க! கண்டுபிடிச்சுக் கேட்டதும் நிறுத்திட்டாங்க. வைரஸ் என்ன போட்டோவைப் பார்த்தா ஓடிப்போகும்?

அண்ணன் தலையை ஆட்டுறாரு. "சுத்தம் செஞ்சது நிர்வாகம்தானே"ங்கிறாரு. சுத்தத்துக்கே வர்றேன்.

கிருமிநாசினியைத் தெளிச்ச உடனே துணியால துடைச்சா கிருமி சரியாச் சாகாது. மருந்தைப் பொறுத்து ஒரு நிமிஷமோ பத்து நிமிஷமோ அந்த இடம் ஈரமாவே இருக்கணும், டப்பாவுலயே போட்டிருக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிளம்புற இடத்துல ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நிமிஷம் காயவிட முடியுமா? கணக்குப் போடுங்க. வண்டிக்கு 24 இருக்கை, மணிக்கு 30 வண்டி, 720 பேர். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை உட்கார வச்சா 360. வண்டிக்கு அரை நிமிஷம் துடைக்க நின்னாலே மணிக்கு 24 வண்டிதான், 288 பேர். பத்து நிமிஷம் நின்னா? மணிக்கு அஞ்சு வண்டி, அறுபது பேர். கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். அதனால பல இடத்துல என்ன செஞ்சாங்கன்னா, கம்பியை இடைவெளி விட்டுத் துடைச்சுட்டு, ஏறுற வாசல்ல உங்க உள்ளங்கையில சானிட்டைசரை ஊத்தினாங்க. கம்பி சுத்தமா இருந்தது எதனால? அதைப் பிடிச்ச கை சுத்தமா இருந்ததால. அந்தக் கை யாரோட கை? என் கட்சிக்காரனோட கை.

ஆறடி இடைவெளி விட்டதுல வரிசை கட்டடத்தைத் தாண்டி வெயில்ல போய் நின்னுச்சு. முன்னால இருக்கிறவன் நகர்ந்தா ஒட்டி நிக்கணும்னு கால் துடிக்கும், நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு நமக்குக் குடுத்த பயிற்சி அது. தரையில ஒட்டின கோட்டைப் பார்த்துப் பார்த்து அத்தனை பேரும் நின்னாங்களே.

நிர்வாகம் ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். சீனாவுல ஷாங்காய் டிஸ்னிலாண்டை 2020 மே 11-ல திறந்தப்போ ஒரு நாளைக்கு 24,000 பேரை விடலாம்னு அரசு சொல்லியும், அதுக்கும் ரொம்பக் கீழே வச்சுத்தான் டிக்கெட் வித்தாங்க. நல்ல காரியம். ஒத்துக்கிறேன், கையோட தாண்டிப் போறேன்.

ஏன்னா அதே ஷாங்காய்ல எனக்கு ஒரு ராத்திரி இருக்கு. 2021 அக்டோபர் 31. ஞாயித்துக்கிழமை, ஹாலோவீன் வேற. முந்தின நாள் வந்துட்டுப் போன ஒரு அம்மாவுக்குத் தொற்றுன்னு தெரிஞ்சுது. வாசலை மூடிட்டாங்க. உள்ள இருக்கிறவங்க பரிசோதனை செஞ்சுக்கிட்டுத்தான் வெளிய போகணும். கிட்டத்தட்ட 34,000 பேர். தலையில மிக்கி காது வச்ச குழந்தை, தோள்ல தூங்கிப்போன குழந்தை. தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்புல மருத்துவப் பணியாளர்கள். கோட்டைக்கு மேல எப்பவும் போல வாணவேடிக்கை. மேல வெடி வெடிக்குது, கீழே ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து காட்டுறாங்க.

"அது அரசு உத்தரவுப்பா, வேற வழி என்ன"ன்னு அண்ணன் கேட்பாரு. கேட்கட்டும். தர்க்கத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. என் கண்ணுல அந்த வரிசைதான் நிக்குது. மறுநாள் முடிவு வந்துச்சு, ஒருத்தருக்கும் தொற்று இல்ல.

தலைமைங்கிறீங்க. 2020 செப்டம்பர்ல டிஸ்னி அமெரிக்காவுல 28,000 பேரை வேலையை விட்டு அனுப்பறோம்னு அறிவிச்சுது. மூணுல ரெண்டு பேர் பகுதிநேரக்காரங்க. உங்க இடுப்புக் கம்பி பூட்டியிருக்கான்னு இழுத்துப் பார்க்கிறவங்க, வழி தவறின பிள்ளைக்கு அம்மாவைத் தேடிக் குடுக்கிறவங்க. அவங்க கை அசைக்கிறதைப் பார்க்கத்தானே ஜனங்க போனாங்க?

கடைசியா ஒண்ணு, நடுவர் அய்யா. மணியில கை வைக்காதீங்க.

புளோரிடாவுல திறந்தப்போ மிக்கியைத் தொட முடியாது. ஊர்வலம் வச்சா கூட்டம் கூடும்னு ஊர்வலத்தை நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா நேரம் சொல்லாம ஒரு சின்ன வண்டி சட்டுனு வரும், மேல மிக்கி இருக்கும், ஒரு நிமிஷம், போயிடும். கட்டிப்பிடிக்கிறது திரும்ப வந்தது 2022 ஏப்ரல் 18-ல. ரெண்டு வருஷத்துக்கும் மேல. அஞ்சு வயசுல மூடின வாசல்ல நின்ன பிள்ளைக்கு ஏழு வயசு ஆயிடுச்சு. ஏழு வயசுல சில பிள்ளைங்க கட்டிப்பிடிக்கக் கூச்சப்படும்.

அந்தப் பிள்ளை நடைபாதை ஓரத்துல நிக்குது. மூஞ்சியில பாதி மாஸ்க். வண்டி வருது. ஓடிப்போய்க் கட்டிக்கத்தான் காலு துடிக்குது. அம்மா கையைப் பிடிக்கவே இல்ல, பிள்ளை தானா நிக்குது. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுது. சிரிக்குதுன்னு கண்ணைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அதுக்கு எந்த அதிகாரியும் ரோலர் கோஸ்டர்ல ஏறிக் காட்டல...

மணி அடிச்சுட்டீங்க. பாப்கார்னைப் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை இருந்துச்சு, பரவாயில்ல. மனசுக்குள்ளே கத்திக்கிறேன்.