மஞ்சள் வரிசைகளை யார் சொல்வார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

எக்செல் கோப்புகளை நம்பி ஓடும் வணிக அறிக்கைகளை, இணையம் வழியே அணுகும் கிளவுட் தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை பல அலுவலகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேலை யார் தலையில் விழுந்திருக்கிறதோ, அவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

மாற வேண்டிய அவசியம் என்ன என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் வராமலே போனார்கள். ஆய்வக முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதுதான் காரணம். அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது.

இன்றைய எக்செலில் 10,48,576 வரிசைகளுக்கு இடமுண்டு, உண்மைதான். ஆனால் 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே தட்டிப் பாருங்கள், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 00417 என்ற வாடிக்கையாளர் எண் வெறும் 417 ஆகிவிடும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு நெடுவரிசையும் எழுத்தா, எண்ணா, தேதியா என்று முதலிலேயே தீர்மானித்துவிடுகிறோம். அப்புறம் அது தன்னிஷ்டத்துக்கு மாறாது.

இனி மாற்றும் வேலை. அறிக்கைகளும் வரைபடங்களும் தயாரிக்கும் பவர் பிஐ மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் 'டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்' பகுதியில் கோப்பு இருக்கும் இடத்தை மாற்றலாம், ஆனால் எக்செலுக்குப் பதில் தரவுத்தளத்தை வைக்க முடியாது. அதற்கு, தரவை எடுக்கும் கட்டளை வரிகளைக் காட்டும் 'அட்வான்ஸ்டு எடிட்டர்' திறந்து, 'எக்செல் வொர்க்புக்' என்று வரும் முதல் வரியை எடுத்துவிட்டு, சர்வர் பெயரும் தரவுத்தளப் பெயரும் கொண்ட புது வரியை எழுத வேண்டும். தாளைச் சுட்டிய அடுத்த வரி இனி தரவுத்தளத்தில் விவரங்கள் இருக்கும் டேபிளைச் சுட்ட வேண்டும். நெடுவரிசைப் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, பழையபடியே இருந்தால் வரைபடங்கள் அப்படியே நிற்கும். ஒன்று பிசகினாலும் பிழைச் செய்திதான் வரும். அதனால் டேபிளை நேரடியாக அறிக்கையோடு இணைக்காதீர்கள். பழைய பெயர்களை அப்படியே தாங்கிய ஒரு 'வியூ'வை, அதாவது டேபிளின் விவரங்களை நாம் சொன்ன பெயர்களில் எடுத்துக்காட்டும் ஒரு தோற்றத்தை, நடுவில் வையுங்கள். நாளைக்கு டேபிள் மாறினாலும் வியூவைச் சரிசெய்தால் போதும், அறிக்கையைத் தொட வேண்டியதில்லை.

இதெல்லாம் ஒரு பிற்பகல் வேலை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

கோப்பைத் திறந்தால் சில வரிசைகளுக்கு மஞ்சள் பூசியிருக்கும். கேட்டால், "அதெல்லாம் பணம் வராத பில்லுங்க, இந்த மாசக் கணக்குல சேர்க்க மாட்டோம்" என்பார் கோப்பைப் பார்த்துக்கொள்பவர். மாதக் கடைசியில் அந்த வரிசைகளைத் தவிர்த்துவிட்டுத்தான் அறிக்கைத் தாளுக்கு நகல் எடுப்பார். இந்த விதி எங்கேயும் எழுதப்படவில்லை. அந்த நிறத்திலும் அவர் நினைவிலும் மட்டும்தான் இருக்கிறது. தரவுத்தளத்துக்கு நிறம் கிடையாது. தாளை அப்படியே ஏற்றினால் வராத பணமும் வருமானமாகிவிடும், அதுவும் மிக அழகான வரைபடத்தில்.

ஆகவே 'நிலை' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, மஞ்சளை 'நிலுவை' என்று எழுத்தில் பதியுங்கள். எல்லா வரிசைக்கும் பதியுங்கள். ஏனென்றால் தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் 'நிலுவை அல்லாதவை' என்று வடிகட்டினால், நிலை எதுவும் குறிக்காத வரிசைகளும் சேர்ந்தே மறைந்துவிடும். 'தெரியாது' என்பதை அது 'நிலுவை இல்லை' என்று எடுத்துக்கொள்ளாது. நல்ல அனுபவசாலிகளையே சறுக்கவைக்கும் இடம் இது.

அந்தக் கோப்பை வருஷக்கணக்காகக் காத்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு நிறத்துக்கும், ஓரக் குறிப்புக்கும், கையால் திருத்திய எண்ணுக்கும் காரணம் கேளுங்கள். அவரை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நேரத்தையும் கவனியுங்கள். பல கிளவுட் தரவுத்தளங்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் தருகின்றன. உள்ளூர் நேரத்துக்கு மாற்றாவிட்டால் ஒரு நாளின் விற்பனை முந்தின நாளிலோ மறுநாளிலோ போய் விழும்.

குறைந்தது ஒரு முழு மாதக் கணக்கு முடிப்பு வரை பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். மொத்தத் தொகை மட்டும் ஒத்துப்போவது போதாது, இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டும் தொகை சரியாக வரலாம். வாடிக்கையாளர் வாரியாக, வரிசை எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் உடனே புதியதைக் குறை சொல்லாதீர்கள். பழைய தாளில் இழுத்துவிட்ட சூத்திரம் கடைசி நாலு வரிசைக்கு எட்டாமல் நின்றிருக்கலாம்.

தரவுத்தளத்துக்குள் நுழைய அறிக்கைக்குக் கொடுக்கும் பயனர் கணக்கு, படிக்க மட்டும் உரிமை உள்ளதாக இருக்கட்டும். பழைய கோப்பையும் திருத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள், ஆனால் அவசரப்பட்டு அல்ல. விவரங்களைப் பதிய எளிமையான ஒரு படிவம் முதலில் தயாராகட்டும். பதிய இடமில்லாதவர் மறுபடியும் ஒரு புது எக்செல் கோப்பைத்தான் திறப்பார்.

நன்றி, வணக்கம்.